கைத்துப்பாக்கியை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

சுட்ட அன்றைக்கே, தவறினால் மறுநாளுக்குள் சுத்தம் செய்துவிடுவது என் வழக்கம். சுடாமல் பெட்டியில் இருக்கும் துப்பாக்கியை மாதம் ஒருமுறையாவது எடுத்துப் பார்த்து, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வைக்கிறேன். ஈரப்பதம் மிகுந்த பருவத்தில் இன்னும் அடிக்கடி. கரியைக் காட்டிலும் துருவே பெரிய பகை என்பதால், இத்தனை தோட்டாக்களுக்கு ஒருமுறை என்ற கணக்கை மட்டும் நம்பியிருக்க முடியாது. இன்றைய பிஸ்டல்கள் பெரும்பாலும் சில நூறு தோட்டாக்களின் அழுக்கோடும் தடையின்றி இயங்கும். வியர்வை படிந்த கைரேகையோ எஃகில் சில நாட்களிலேயே செம்புள்ளியாகத் தெரியத் தொடங்கிவிடும். தோலுறையில் செருகி மாதக்கணக்கில் வைப்பதும் இதே காரணத்தால் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

தள்ளிப்போடவே கூடாத ஒன்று உண்டு. பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்து, குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவை வரவழைக்கிறது. இந்த உப்பு எண்ணெயில் கரையாது. ஆகவே அன்றே வெந்நீரால் கழுவி, முற்றிலும் உலர்த்திய பிறகுதான் எண்ணெய் இட வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன், தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றிய பிறகும், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் சேம்பரில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம் என்பதை நினைவில் கொண்டு, மேலே முன்பின் நகரும் ஸ்லைடைப் பின்னிழுத்துக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சில பிஸ்டல்களைப் பிரிக்க சுடும் விசையை (டிரிகர்) அழுத்தியே ஆக வேண்டும் என்பதால் இதில் சிறு அலட்சியமும் உயிருக்கே ஆபத்து. ஈயத்தூள் கையில் ஒட்டும் என்பதால் கையுறையும் காற்றோட்டமும் அவசியம்.

எண்ணெய் விடுவதில் பலரும் தேவைக்கு மேல் தாராளம் காட்டுகிறார்கள். ஸ்லைடு உராயும் தடங்களில் ஒவ்வொரு துளி போதும். மிகுந்தால் தூசியும் கரியும் சேர்ந்து பசையாகிவிடும். பிரைமரைத் தட்டும் ஊசி ஓடும் துளையைப் பொதுவாக உலர்வாகவே விட வேண்டும். ரிவால்வரில் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் ஒவ்வொரு அறையையும், காலித் தோட்டாக்களை வெளித்தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடிப்பகுதியையும் துலக்க வேண்டும். அங்கே எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று சிக்கினாலும் சிலிண்டர் இறுகிவிடும்.

ஸ்பிரிங்குகள் எவ்வளவு துடைத்தாலும் தேயத்தான் செய்யும். ஸ்லைடை முன்தள்ளும் ஸ்பிரிங்கை எத்தனை தோட்டாக்களுக்குப் பின் மாற்றுவது என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அதற்கு மட்டும் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.