ஜோடி பாலேயில் திட்டு யாருக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு பாலே கலைஞர்களுக்கு நடன அமைப்பாளர் ஜோடி நடனம் சொல்லிக்கொடுக்கும் ஒத்திகைக் காணொளி பார்த்தேன். ஒரே சுழற்சியைப் பத்துப் பன்னிரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் செய்யவைக்கிறார். தடுமாறுவது பெண், திட்டு வாங்குவதோ ஆண். அவருக்குக் கைபலம் போதவில்லையா?

கே.

அன்புள்ள கே.,

பெரும்பாலும் கைபலம் கூடிப்போனதற்குத்தான் திட்டு விழும். பாயிண்ட் ஷூவில், அதாவது விரல்நுனியில் நிற்பதற்கான விறைத்த காலணியில், ஒற்றைக்காலில் நிற்கும் பெண்ணுக்குத் தரையோடு உள்ள தொடர்பு ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. அந்த நுனிக்கு நேர்மேலே இடுப்பு இருக்கும்வரை அவர் தானாகவே சுழல்வார். அந்த நேர்க்கோடு கலையாமல் பார்த்துக்கொள்வதே பின்னால் நிற்கும் ஆணின் வேலை. இறுக்கிப் பிடித்தால் சுழற்சி அங்கேயே செத்துவிடும். வலப்பக்கச் சுழற்சி என்றால், தொடக்கத்தில் வலது கை இடுப்பை லேசாகப் பின்னுக்கு வாங்கும், இடது கை முன்னுக்குத் தள்ளும். பிறகு உள்ளங்கைகள் துணியை உரசினால் போதும். கடைசிச் சுற்றில்தான் கைகளை இடுப்பில் மூடிப் பிடிக்கவேண்டும்.

அடுத்தது இடைவெளி. மிக நெருங்கி நின்றால் அவளுடைய முழங்கையோ மடக்கிய முழங்காலோ இவரை இடிக்கும். தள்ளி நின்றால் கை நீண்டு, தன்னையறியாமல் அவளைப் பின்னால் இழுப்பார். அவள் சாய்வது நம் கண்ணுக்குப் படும், இழுத்த கை படாது.

எப்போதும் ஆண்தான் குற்றவாளி என்றும் இல்லை. சுழற்சிக்கு முந்தைய பிளியேயில், அதாவது முழங்கால் மடக்கும் கணத்திலேயே, 'பிடித்துக்கொள்வார்' என்று அவள் பின்னுக்குச் சாய்ந்திருக்கலாம். அதனால்தான் விழுந்த இடத்தை விட்டுவிட்டு இசையில் இரண்டு எண்ணிக்கை முன்னாலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். கையை எடுக்கச் சொல்லி அவளைத் தனியே ஒரு சுற்று சுற்றவிட்டால் பிழை யாருடையது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தூக்குவதிலும் இதே கதைதான். அவள் பிளியேயிலிருந்து எழும்பும்போது இவரும் முழங்காலிலிருந்து எழவேண்டும். அரை எண்ணிக்கை பிந்தினால் அவள் வெறும் பாரம், சுமை இவர் முதுகில் இறங்கும். இசையைவிட அவள் மூச்சிழுப்பதைக் கேட்கச் சொல்வது இதற்காகத்தான். தூக்கல்களை ஒவ்வொரு தடவையும் முழுதாகச் செய்யவிடாமல், பாதித் தடவைக்குமேல் தூக்காமல் சைகையோடு விடுவதும் நல்ல வழக்கம்; களைத்த தோள்தான் காயத்துக்கு வாசல்.

அரங்கேற்றத்துக்கு முன்பே பயிற்சி டூட்டு அணிந்து ஒத்திகை பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த விறைத்த வட்டப் பாவாடை அவள் பாதத்தை இவர் கண்ணிலிருந்து மறைத்துவிடும். அதுவரை குனிந்து பார்த்துத் திருத்தியவர், அன்றிலிருந்து உள்ளங்கையால் மட்டுமே அறியவேண்டும். நிற்கும் தூரத்தையும் மறுபடி கணக்கிடவேண்டியிருக்கும்.