பிசாசும் மீத்தேனும்

கேள்வி: எங்கள் ஏரிக்கரையில் நின்றால் தெற்கே மலைப்பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு வெளிச்சம் எழும்புகிறது. மெல்ல ஏறி, இரண்டாகப் பிரிந்து, சட்டென்று மறைந்துவிடும். மார்கழியில் அதிகம். பாட்டி கொள்ளிவாய்ப் பிசாசு என்கிறார், பெரியப்பா முனி ஓட்டம் என்கிறார், கல்லூரியில் படிக்கும் தம்பி மீத்தேன் என்கிறான். அறிவியலுக்கு எட்டாத விஷயங்கள் உண்டு என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்வீர்களா?
(வாசகர், நல்லம்பள்ளி வட்டாரம்)

பதில்: உண்டு, தாராளமாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஏரிக்கரை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் சந்தேகம். மூன்று பேர் மூன்று பெயர் வைத்திருக்கிறீர்கள், ஒருவராவது கிட்டப் போய்ப் பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

முதலில் உங்கள் தம்பிக்கு. சேற்றிலிருந்து குமிழியிடும் வாயு எரியும் என்று வோல்டா கண்டுபிடித்தது 1776-இல், அதிலிருந்து படித்தவர்கள் எல்லோரும் இருட்டில் எது மினுங்கினாலும் மீத்தேன் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுகிறோம். மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ள 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், மார்கழிக் குளிரில் உங்கள் ஏரியில் அதற்கு யார் தீக்குச்சி கிழித்தது? தானே பற்றும் பாஸ்பரஸ் வாயு கூடவே வரும் என்று ஒரு விளக்கம் வெகுகாலமாக உண்டு. 2025-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸேர் குழுவினர், தண்ணீருக்குள் நுண்குமிழிகளுக்கு இடையே குட்டி மின்னல் வெட்டுவதையும் அதில் மீத்தேன் வினைபுரிவதையும் காட்டினார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். அந்த வெளிச்சம் சேற்றுக்கு மேலேதான் தெரியும், மலை ஏறாது தம்பி!

இப்போது உங்களுக்கு. தெற்கே என்கிறீர்கள். நல்லம்பள்ளிக்குத் தெற்கே என்ன இருக்கிறது? தொப்பூர் கணவாய். சேலத்திலிருந்து லாரிகள் முக்கி முக்கி ஏறி வரும்போது முகவிளக்குகள் உங்கள் பக்கம்தான் பார்க்கும். தூரத்தில் இரண்டு விளக்கும் ஒன்றாகத் தெரியும், கிட்ட வர வர இரண்டாகப் பிரியும், வளைவில் திரும்பினால் மறையும். மறைவில் இருக்கிற சாலையின் விளக்கு எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் 'மின் மின்' என்று ஒரு வெளிச்சம் வெகு பிரசித்தம், ஆளைத் துரத்தும் என்பார்கள். ஜாக் பெட்டிக்ரூ என்ற விஞ்ஞானி, கண்ணுக்கு எட்டாத பள்ளத்தில் சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு காரின் விளக்கைப் போட வைத்தே அதை வரவழைத்துக் காட்டினார், 2003-இல் எழுதியும் வைத்தார். குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, மேலே வெதுவெதுப்பான காற்று இருந்தால் ஒளி வளைந்து வரும், அவ்வளவுதான். மார்கழியில் அதிகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்!

தாத்தா காலத்தில் ஏது லாரி என்று அடுத்த கடிதம் வருமுன் சொல்லிவிடுகிறேன்: மாட்டு வண்டிக்கு அடியில் ஆடும் அரிக்கேன், தீவட்டி, கேழ்வரகுக் கொல்லைக் காவல்காரரின் பந்தம், எல்லாம் இருந்தன. சின்ன வயதில் ஏரிக்குள் அசைந்த ஒரு வெளிச்சத்தைப் பார்த்து நான் செருப்பை விட்டுவிட்டு ஓடியவன்தான். மறுநாள் அந்தப் பிசாசு எங்கள் வீட்டு வாசலில் வந்து நண்டு விற்றது.

எட்டாத விஷயம் வேண்டுமென்றால் நார்வேயில் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1981-லிருந்து பேசப்படுகிற வெளிச்சம், 1998-இல் தானியங்கிக் கேமராவே வைத்துவிட்டார்கள், எல்லாவற்றுக்கும் இன்னும் முழு விளக்கம் கிடைக்கவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் தகுதி அவர்களுக்கு உண்டு, வருஷக்கணக்காகக் கண்விழித்திருக்கிறார்கள். நாம் ஒரு ராத்திரிகூட விழிக்கவில்லை.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு பேர் போங்கள், எந்தத் திசை, எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று குறித்து, வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு கணவாயைத் தொடாவிட்டால் எழுதுங்கள், நானே வருகிறேன். போகும்போது டார்ச் அவசியம், கரையில் கண்ணாடி விரியன் கிடக்கும். ரொம்ப ஆட்டாதீர்கள், அக்கரையிலிருந்து யாராவது உங்களைப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் போடுவார்கள்.