75 வயதுக்குப் பிறகு கொழுப்பு மாத்திரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவை எழுபதைத் தாண்டியவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ எழுதியவை. பரிசோதனைத் தாளில் உள்ள எண் எல்லாவற்றிலும் தவறாமல் இருக்கிறது. முன்பு மாரடைப்போ பக்கவாதமோ வந்ததா என்பது பல கடிதங்களில் இல்லை. நான் முதலில் தேடுவது அதைத்தான். தயவுசெய்து அதையும் எழுதுங்கள்.

எனக்கு 78 வயது. சர்க்கரை நோய், இதய நோய் எதுவும் இல்லை. தினமும் நடக்கிறேன். இரத்த அழுத்தத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 148 என்று வந்ததால் டாக்டர் ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த வயதில் புதிதாகத் தொடங்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. காரணம், சான்று குறைவு. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு 2022-இல் வெளியிட்ட அறிக்கை, 40 முதல் 75 வயது வரை மாரடைப்பு, பக்கவாத ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஸ்டாட்டினைப் பரிந்துரைக்கிறது. 76 வயதிலிருந்து, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இரத்தக்குழாய் நோய் வராதவர்களுக்குப் புதிதாகத் தொடங்கலாமா என்று தீர்மானிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அங்கேயே நிறுத்திக்கொள்கிறது. 28 ஸ்டாட்டின் ஆய்வுகளில் பங்கேற்ற ஏறத்தாழ 1,87,000 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2019-இல் வெளிவந்த அலசலிலும் 75 வயதைத் தாண்டியவர்கள் பதினான்காயிரத்துச் சொச்சம் பேர்தான். அவர்களில் ஏற்கனவே இரத்தக்குழாய் நோய் இருந்தவர்களுக்கு, இளையவர்களைப் போலவே பலன் கிடைத்தது. நோய் வராதவர்களிடம் அது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. இதைப் 'பலன் இல்லை' என்று படித்துவிடக் கூடாது. அத்தகைய முதியவர்களை ஆய்வாளர்கள் நெடுங்காலம் போதிய அளவில் சேர்க்கவே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆஸ்திரேலியாவில் ஸ்டாரீ, அமெரிக்காவில் பிரிவென்டபிள் என்ற பெரிய ஆய்வுகள் தொடங்கப்பட்டன.

டாக்டர் கணினியில் ஆபத்தைக் கணக்கிட்டுக் காட்டியிருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்தக் கணக்கில் வயதுக்கே மிகப் பெரிய பங்கு. வேறு எந்தக் குறையும் இல்லாத 78 வயதுக்காரரையும் அது 'ஆபத்து அதிகம்' என்ற பட்டியலில் சேர்த்துவிடும். மருந்தின் பலன் மறுநாளே வந்துவிடுவதும் இல்லை. 50 முதல் 75 வயதுக்குட்பட்ட, நோய் வராத 100 பேர் ஸ்டாட்டின் எடுத்தால், அவர்களில் ஒருவருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஒரு பெரிய பாதிப்பு தவிர்க்கப்பட ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன.

என் கருத்து இது. நீங்கள் திடமாக நடமாடுகிறீர்கள். முன்னால் பல ஆண்டுகள் இருக்கின்றன. நடுத்தர அளவில் தொடங்கிப் பார்ப்பது நியாயமான முடிவு. வேண்டாம் என்று நீங்கள் தீர்மானித்தால் அதையும் நான் தவறு என்று சொல்ல மாட்டேன். மனம் இரண்டுபட்டு நின்றால், இதயத் தமனிகளில் படிந்த கால்சியத்தை அளக்கும் ஸ்கேன் உதவும். இந்த வயதில் அது பூஜ்யம் என்று வந்தால் மாத்திரையை நிம்மதியாகத் தள்ளிப்போடலாம். எப்படி முடிவெடுத்தாலும் இரத்த அழுத்தத்தில் கண்ணாக இருங்கள். உங்கள் விஷயத்தில் 148 என்ற எண்ணைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதுதான்.

அம்மாவுக்கு 81 வயது. ஆறு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். 'இந்த வயதில் கொழுப்பு மாத்திரை எதற்கு' என்று உறவினர் ஒருவர் சொன்னதால் மூன்று மாதமாக நிறுத்திவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறார்.

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இந்த வாரமே அவருடைய டாக்டரைப் பார்த்து மீண்டும் தொடங்குங்கள். முந்தைய பதிலில் சொன்ன தயக்கமெல்லாம் நோய் வராதவர்களுக்கு. மாரடைப்பு வந்தவருக்கு இரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு இருப்பது தெரிந்துவிட்டது. ஸ்டென்ட் ஓரிடத்தில் அடைப்பை விலக்கியிருக்கிறது, அவ்வளவுதான். மற்ற இடங்களில் உள்ள படிவு வெடிக்காமல் காப்பது மாத்திரையின் வேலை. நன்றாக இருக்கிறார் என்பது ஆறுதல்தான். ஆனால் எல்.டி.எல். உயர்வதை உடல் உணர்த்தாது. மாத்திரையை நிறுத்திய சில வாரங்களிலேயே அது பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

முன்பு பெரிய அளவில் எடுத்திருந்தால், அதே அளவுக்கே திரும்ப வேண்டும் என்பதில்லை. 75-ஐத் தாண்டியவர்களுக்கு நடுத்தர அளவு ஸ்டாட்டினும், போதாவிட்டால் கூடவே எஸெடிமைப் என்ற மாத்திரையும் பெரும்பாலும் நன்றாக ஒத்துக்கொள்ளும். உறவினர் அன்பினால்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் இத்தகைய அறிவுரையால் இரண்டாவது மாரடைப்போடு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

வயது 72. அட்டோர்வாஸ்டாட்டின் தொடங்கிய இரண்டாம் மாதத்திலிருந்து இரண்டு தொடைகளிலும் வலி. டாக்டரிடம் சொன்னால் 'வயதுதான் காரணம்' என்கிறார். நிறுத்திவிடலாமா?

வலியைத் தட்டிக்கழிப்பது சரியல்ல. ஸ்டாட்டினால் வரும் தசைவலி, நீங்கள் சொல்வதைப் போலவே இரு பக்கமும், தொடை, இடுப்பு, கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகளில், மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் தலைகாட்டும். ஒரு முழங்கால் மட்டும் வலித்தால் காரணத்தை மூட்டில்தான் தேட வேண்டும்.

அதே சமயம், வலிக்கு மருந்துதான் காரணம் என்றும் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 2020-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்கு ஓர் ஆண்டுக்கான புட்டிகளைக் கொடுத்தார்கள்: நான்கு மாதம் உண்மையான மாத்திரை, நான்கு மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நான்கு மாதம் வெறும் புட்டி. மாதங்களைக் கலந்து வைத்ததால், மாத்திரையில் மருந்து உண்டா இல்லையா என்பது எடுப்பவருக்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதங்களில் அவர்கள் அனுபவித்த தொல்லையில் ஏறத்தாழ 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் இருந்தது. வெறும் புட்டி மாதங்களில் குறைந்தது. அவர்கள் பட்ட வலி பொய்யல்ல. அதை உண்டாக்கியது பெரும்பாலும் மருந்தின் இரசாயனம் அல்ல, மருந்து எடுக்கிறோம் என்ற எதிர்பார்ப்பு. இது தெரிந்த பிறகு பங்கேற்றவர்களில் பாதிப்பேர் மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

இரத்தத்தில் சி.கே. என்ற தசை நொதியையும் தைராய்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைவு கொழுப்பையும் ஏற்றும், தசைவலியையும் தரும். முதியவர்களில் இது அடிக்கடி கவனத்துக்கு வராமலே போய்விடுகிறது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்து ஆகியவை அட்டோர்வாஸ்டாட்டினோடு சேரும்போது இரத்தத்தில் அதன் அளவு எகிறும். ஆகவே எடுக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு, அவர் ஒப்புதலோடு சில வாரங்கள் நிறுத்திப் பார்க்கலாம். வலி போனால் குறைந்த அளவிலோ வேறொரு ஸ்டாட்டினிலோ மறுபடி தொடங்கலாம். ரோசுவாஸ்டாட்டினை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. எதுவுமே ஒத்துவராவிட்டால் எஸெடிமைப் இருக்கிறது. பெம்பிடோயிக் ஆசிடும் இருக்கிறது. இரண்டாவது மருந்து யூரிக் அமிலத்தை ஏற்றும், கௌட் என்ற யூரிக் அமில மூட்டுவலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. எழுந்து நிற்க முடியாத அளவுக்குத் தசை பலவீனமானாலோ சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ, யாரையும் கேட்கக் காத்திராமல் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இது மிக அரிது, ஆனால் சிறுநீரகத்தையே முடக்கிவிடக்கூடியது.

ஸ்டாட்டின் எடுத்தால் சர்க்கரை நோய் வரும் என்கிறார்களே?

சிறிதளவு உண்மை. 2010-இல் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 255 பேர் நான்கு ஆண்டுகள் எடுத்தால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் வரலாம் என்று தெரிந்தது. பெரும்பாலும் அந்த ஒருவர் ஏற்கனவே எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருப்பவர். இதய நோய் உள்ளவருக்கு இதற்காக மாத்திரையை மறுப்பது நல்ல பேரமல்ல. சர்க்கரை அளவை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

கொழுப்பு குறைந்தால் மூளை பாதிக்கப்படும், மறதி வரும் என்று படித்தேன். வயது 75. பயமாக இருக்கிறது.

பயம் புரிகிறது. மறதியைவிட முதுமையில் நாம் அஞ்சுவது வேறு ஏது? ஆனால் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 70 முதல் 82 வயது வரையிலான 5,804 பேரைக் கொண்டு நடந்து 2002-இல் வெளிவந்த புராஸ்பர் ஆய்வில், ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் நினைவாற்றல் சோதனைகளில் வேறுபாடு தெரியவில்லை. சிலர் மருந்து தொடங்கியதும் மனம் மந்தமானதாகச் சொல்வதுண்டு. நிறுத்தினால் அது சரியாகிவிடும். அப்படி உணர்ந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். சிறு பக்கவாதங்கள் அடுத்தடுத்து வருவதும் நினைவைக் குலைக்கும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

அப்பாவுக்கு 84 வயது. முற்றிய புற்றுநோய். சில மாதங்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள். பதினொரு மாத்திரைகளை விழுங்கச் சிரமப்படுகிறார். கொழுப்பு மாத்திரையை நிறுத்தினால் நாங்களே அவரைக் கைவிட்டதாகிவிடுமா?

இல்லை. நிச்சயமாக இல்லை. பலன் தர ஆண்டுகள் ஆகும் மருந்து அது என்று மேலே சொன்னேன். சில மாதங்களே இருப்பவருக்கு அதனால் ஆகப்போவது மிகக் குறைவு. ஓராண்டுக்கும் குறைவான ஆயுளே எதிர்பார்க்கப்பட்ட 381 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஸ்டாட்டினை நிறுத்தியவர்கள் 60 நாட்களுக்குள் இறந்த விகிதம், தொடர்ந்து எடுத்தவர்களிடமிருந்து குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. நிறுத்தியவர்களின் வாழ்க்கைத் தரமோ சற்று மேலாக இருந்தது.

திடீரென்று நிறுத்தக் கூடாத மருந்துகளும் அந்தப் பதினொன்றில் இருக்கலாம். ஆகவே பட்டியல் முழுவதையும் அவருடைய டாக்டரோடு உட்கார்ந்து பாருங்கள். வலிக்கும், மூச்சுக்கும், உறக்கத்துக்கும் உதவுபவை இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் அப்பா என்ன நினைக்கிறார் என்பது இல்லை. அவரிடமும் கேளுங்கள். எதை விழுங்குவது, எதை விடுவது என்பதில் அவர் சொல்லுக்கே முதலிடம்.

பாட்டிக்கு 86 வயது. மாத்திரை எதுவும் எடுக்காமலே மொத்தக் கொழுப்பு 215-இலிருந்து 130-க்கு இறங்கிவிட்டது. மகிழ்ச்சி அடையலாமா?

வேண்டாம். உணவிலும் மருந்திலும் மாற்றம் இல்லாமல் முதியவருக்கு இவ்வளவு இறங்கினால் அதற்குக் காரணம் தேட வேண்டும். எடை குறைகிறதா, பசி போய்விட்டதா என்று பாருங்கள். சத்துக் குறைவு, தைராய்டு மிகை, கல்லீரல் நோய், நாள்பட்ட தொற்று, புற்றுநோய் எல்லாமே கொழுப்பை இறக்கும். விரைவில் ஒரு முழுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இந்த மாத்திரையை இரவில்தான் போட வேண்டுமா?

சிம்வாஸ்டாட்டின் என்றால் இரவில். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டும் உடலில் நெடுநேரம் தங்குபவை. மறக்காமல் எடுக்க முடிகிற எந்த நேரமும் சரி. ஒரு வேளை தவறினால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.