பேனா கடைசல்: கடலோரத்திலிருந்து வந்த கேள்விகள்

மரப் பேனா கடையத் தொடங்கியிருப்பவர்களும் தொடங்க நினைப்பவர்களும் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து, பெரும்பாலும் கடற்கரை ஊர்களிலிருந்து அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக் கேள்விகள் கருவியைப் பற்றியவைபோலத் தெரிந்தாலும் காரணம் மரத்தின் ஈரமாகத்தான் இருக்கிறது. அதனால் அதற்கு இடம் கூடுதலாகப் போய்விட்டது.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்? பெரிய லேத் இல்லாமல் முடியாதா? (பரமக்குடி)

பேனாவுக்குப் பெரிய லேத் தேவையே இல்லை. இரு முனைகளுக்கும் இடையே ஓரடி கிடைத்தால் தாராளம். மேசையில் வைக்கும் மினி லேத், அரைக் குதிரைத்திறன் மோட்டார், நிமிடத்துக்கு 500 முதல் 3000 சுற்று வரை வேகத்தை மாற்றும் வசதி, இரு பக்கமும் துணைக்கருவி மாட்டும் எம்.டி.2 (மோர்ஸ் டேப்பர் 2 என்ற அளவு) கூம்புத் துளை, இவ்வளவு இருந்தால் சரி. கூடவே 7 மி.மீ. ஸ்லிம்லைன் கிட் (ஒல்லிப் பேனாவின் இரு பாதிக்கும் பித்தளைக் குழாய், எழுதும் முனை, திருகு அமைப்பு, நடு வளையம், ரீஃபில் அடங்கிய தொகுப்பு), மரத் துண்டுகளைக் கோத்துச் சுழற்றும் கம்பியான பேனா மேண்ட்ரல், துண்டின் இரு முனையிலும் அளவு காட்டும் வளையங்களான புஷ்கள், 7 மி.மீ. ட்ரில் பிட், குழாய் முனையைச் சமன்செய்யும் டிரிம்மர், 150 முதல் 600 வரை உப்புத்தாள்.

உளிகளில் முதலுக்கு இரண்டு போதும்: முரட்டுக் கடைசலுக்கு ஒரு கவுஜ் (குழிந்த உளி), முடிப்புக்கு ஒரு சாய்வு உளி. சாணை பிடிக்கத் தெரியாதவர்கள் கார்பைடு பல் மாட்டும் உளியோடு தொடங்கலாம். ஒரு பக்கம் மழுங்கினால் பல்லைத் திருப்பி மாட்டினால் போதும். ஆனாலும் லேத்தின் விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது நல்ல சாணைக்கல் வாங்குவதே எங்கள் பரிந்துரை. மழுங்கிய உளியோடு எந்த லேத்திலும் மரம் பிய்ந்துதான் வரும்.

கை ட்ரில்லை மேசையில் கட்டிக் கடைவதைப் பல வீடியோக்கள் காட்டுகின்றன. ஒன்றிரண்டு பேனா வரும். ட்ரில்லின் பேரிங் பக்கவாட்டு அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. சீக்கிரம் ஆட்டம் காணும், பேனாவும் வட்டமாக வராது. அதைவிடக் கட்டில் கால் கடையும் பட்டறையில் நேரம் கேட்டுப் பார்க்கலாம்.

லேத்தில் நிற்கும்போது கையுறை கூடாது. வேட்டி, லுங்கி நுனி, துப்பட்டா, தொங்கும் முழுக்கை எதுவும் அருகில் வரக் கூடாது. கண்ணாடி, முகமூடி இரண்டும் கட்டாயம்.

எங்கள் பக்கம் சீமைக்கருவேலம்தான் கிடைக்கிறது. விறகுக்குப் போகிற மரத்தில் பேனா செய்யலாமா? (சாயல்குடி)

செய்யலாம் என்பதோடு விடமாட்டோம். இந்த மாவட்டத்தில் தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான மரம் குறைவு. வைரம் பாய்ந்த பகுதி செம்பழுப்பாக, கனமாக, நெருக்கமான இழையோடு இருக்கும். கூர்மையான உளிக்கு நன்றாக இணங்கும். காயும்போது மற்றப் பல மரங்களைவிடக் குறைவாகவே சுருங்கும், கோணுவதும் குறைவு. பேனாவுக்கு இதுதான் முதல் தகுதி. கரிமூட்டத்துக்குப் போகும் சுமையில் கையளவு தடிமனுள்ள கட்டை நாலைந்து பொறுக்கினால் ஒரு வருடத்துக்குப் பேனா கடையலாம்.

கட்டை முழங்கால் அளவு சுற்றாவது இருக்கட்டும். ஒல்லிக் கிளையில் வைரம் கிடைக்காது. வெட்டிய அன்றே இரு முனையிலும் மெழுகோ பழைய பெயின்டோ தடவிவிடுங்கள். இல்லையென்றால் முனை வழியே ஈரம் வேகமாக வெளியேறி நட்சத்திரம்போல வெடிக்கும். நடுத்தண்டு உள்ளே இருக்கும் துண்டு எப்படியும் வெடிக்கும். அதைப் பிளந்து ஒதுக்குங்கள். வெளியே இருக்கும் வெளிறிய பகுதியையும் சீவி எறியுங்கள். அதில் வண்டு இறங்கி மாவாகக் கொட்டும். கடைந்து மெருகேற்றிய பிறகு பேனாவின் பக்கத்தில் ஊசித்துளை தோன்றினால் காரணம் அந்த வெள்ளைதான்.

மீதியை 20 மி.மீ. சதுரத்தில், 130 மி.மீ. நீளத்தில் அறுத்து, காற்றுப் போக இடைவெளிவிட்டு நிழலில் அடுக்குங்கள். முள்ளைக் கையாளும்போது கவனம். குத்தினால் வீங்கி நாள்கணக்கில் வலிக்கும். தூளும் மூக்கை அரிக்கும்.

பூவரசும் இதே தரம். நிறம் இன்னும் ஆழம், உளிக்கு இன்னும் இளக்கம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் பூவரச மரத் துண்டு கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

துபாயில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பிய பேனா சில மாதத்தில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. இங்கே நான் வைத்திருக்கும் ஜோடிப் பேனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்? (கீழக்கரை)

மரம் சுருங்கியது, உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் சுருங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் இடத்தில் எவ்வளவு காய்ந்த மரமும் கடைசியில் 15 சதவீதம் அளவு ஈரத்தோடுதான் நிற்கும். கடலோரத்தில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், இதுதான் நிலைமை. 45 சதவீத ஈரப்பதமுள்ள ஏசி அறையில் அதே மரம் 8, 9 சதவீதத்துக்கு இறங்கும். ஸ்லிம்லைன் பேனாவின் சுற்றளவு 31 மி.மீ. அளவு. இந்த இறக்கத்துக்கு அது கால் மில்லிமீட்டர் அளவு சுருங்கப் பார்க்கும். குழாய் விட்டுக்கொடுக்காது. குழாய்மேல் மரம் ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான். இழுவை தாங்காமல் இழை வாக்கில் பிளக்கிறது.

ஆக, மரத்தை இந்த ஊர்க் காற்றுக்கு ஏற்றபடி அல்ல, பேனா போய்ச் சேரும் அறைக்கு ஏற்றபடி காயவைக்க வேண்டும். நிழலில் காய்ந்த துண்டுகளை ஒரு பிளைவுட் பெட்டியில் வையுங்கள். உள்ளே 40 வாட் இழை பல்பு, மேலே நாலு துளை, கீழே நாலு துளை. வெப்பம் 45 முதல் 50 டிகிரிக்குள் நிற்கட்டும். பல்பு துண்டுகளைத் தொடக் கூடாது, ஆள் இல்லாத வீட்டில் எரியவும் கூடாது. எல்.இ.டி. பல்பு உதவாது, அதில் சூடு போதாது.

காய்ந்ததா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. எடை போடுங்கள். மேலே சொன்ன அளவுத் துண்டு ஒன்று 40 கிராம் சுமாருக்கு வரும். ஒரு சதவீத ஈரம் என்பது அதில் அரைக் கிராம்கூட இல்லை. சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். துண்டின்மேல் பென்சிலால் தேதியும் எடையும் எழுதி, இரண்டு நாளுக்கு ஒருமுறை நிறுங்கள். மூன்று முறை ஒரே எடை வந்தால் போதும்.

பிறகு துளை போட்டு, குழாய் ஒட்டாமல் இன்னும் இரண்டு நாள் பெட்டியில் வையுங்கள். துளையின் உட்பக்கமும் காயும். அதில் துளை லேசாக முட்டை வடிவமாகலாம். அதே பிட்டை ஒருமுறை விட்டெடுத்துவிட்டுக் குழாயை ஒட்டலாம். உடனே ஒட்ட முடியவில்லையென்றால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் போட்டுவையுங்கள். மேசையில் விட்டால் ஒரு வாரத்தில் ஈரம் திரும்பி ஏறிவிடும், அத்தனை வேலையும் வீண்.

மேல்பூச்சு இதைத் தடுக்காதா என்று கேட்பார்கள். பூச்சு ஈரம் ஏறி இறங்கும் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

துளை போடும்போது மறுமுனையில் மரம் பிளந்துவிடுகிறது. சிலசமயம் பிட் ஓரமாக வெளியே வந்துவிடுகிறது. (தொண்டி)

முனை பிளப்பது, பிட் வெளியேறும் இடத்தில் பின்னால் தாங்கல் இல்லாததால். துண்டைக் குழாயைவிட 10 மி.மீ. நீளமாக வைத்து, முழுதும் துளைக்காமல் நிறுத்தி, கடைசிப் பகுதியை வாளால் அறுத்தெடுத்தால் துளை தானாகத் திறக்கும். இதற்கு 130 மி.மீ. துண்டு இரு பாதிக்கும் போதாது. 150 ஆக அறுத்துக்கொள்ளுங்கள்.

பிட் விலகுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். முதலில் சின்ன சென்டர் பிட்டால் இடம் காட்டுங்கள். வேகம் 600, 700 சுற்று. ஒவ்வொரு 10 மி.மீ. ஆழத்துக்கும் பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள். தூள் அடைத்தால் சூடேறும். சூடேறினால் உள்ளே நுண்வெடிப்பு விழும், அது மெருகேற்றும்போதுதான் கண்ணில் படும். புகை வந்தால் நிறுத்துங்கள்.

குழாயை 150 உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகு ஒட்டுங்கள். உள்ளே பசை போகாமல் இரு வாயையும் உருளைக்கிழங்கு வில்லையில் ஒருமுறை குத்தி அடைத்துக்கொள்ளலாம். பசைக்கு எங்கள் தேர்வு இரண்டு டியூபைக் கலந்து பூசும் எபாக்ஸிதான். ஃபெவிக்விக் வகைப் பசை இந்த ஈரக் காற்றில், குழாய் பாதி நுழையும்போதே பிடித்துக்கொள்ளும். பிறகு இழுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. எபாக்ஸி ஓரிரவு காயட்டும்.

பனைமரத்தில் அழகாக வருமாமே? (ஏர்வாடி)

வரும், ஆனால் பத்துப் பேனா கடைந்த கைக்கு. பனை நம் மாநில மரம். வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். ஓட்டு வீடு பிரிக்கும் இடத்தில் பழைய பனங்கை கேளுங்கள், அதுவே சிறந்த சரக்கு. வெளிப்பக்கத்துக் கறுப்பு நார் நெருக்கமான பகுதியை மட்டும் எடுங்கள்.

கறுப்பு நார் கம்பிபோலக் கடினம், இடையில் உள்ளது தக்கைபோல மென்மை. உளி மழுங்கியிருந்தால் நார் ஊசியாகப் பிரிந்து எழும், விரலிலும் ஏறும். அதனால் கடைசி இரண்டு மில்லிமீட்டருக்கு வந்ததும் லேத்தை நிறுத்தி, மெல்லிய சயனோஅக்ரிலேட் (ஃபெவிக்விக் வகை) பசையைச் சொட்டவிட்டுக் காயவையுங்கள். கொஞ்சம் கடையுங்கள், மறுபடி சொட்டுங்கள். தேய்ப்பதற்கு முன்னும் ஒரு பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் கறுப்புத் தூள் வெளிறிய இடங்களில் இறங்கி எல்லாம் அழுக்குச் சாம்பல் நிறமாகும்.

பேனா வட்டமாக இல்லை. ஒரு பக்கம் நடு வளையத்தோடு சமமாக இருக்கிறது, மறுபக்கம் தூக்கி நிற்கிறது. (தேவிபட்டினம்)

மேண்ட்ரல் வளைந்திருக்கிறது. நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கினாலும், லேத்தில் மோட்டாருக்கு எதிரே உள்ள வால்பக்க முனையை அழுத்தித் திருகினாலும் அந்த ஒல்லிக் கம்பி வில்லாகும். விரலால் இறுக்கினால் போதும். துண்டு நழுவாமல் நின்றால் அதுதான் அளவு. கம்பியைக் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள், இடையில் வெளிச்சம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

முனைகள் செங்குத்தாக இல்லாவிட்டாலும் இதே கோளாறு வரும். டிரிம்மரைப் பித்தளை பளிச்சென்று ஒரு முழு வளையமாகத் தெரியும்வரை ஓட்டி நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் குழாய் நீளம் குறையும், அப்போது ரீஃபில் தொல்லை ஆரம்பமாகும்.

மூடினாலும் ரீஃபில் நுனி வெளியே நிற்கிறது. (மண்டபம்)

திருகு அமைப்பு அதிகமாக உள்ளே போய்விட்டது. கீழ்க் குழாயில் முதலில் முனையை அழுத்துங்கள், பிறகு மறுபக்கம் திருகு அமைப்பை அதிலுள்ள கோடு வரை மட்டும். கோட்டுக்குச் சற்று முன்னால் நிறுத்தி, ரீஃபிலைப் போட்டுத் திருகிப் பார்த்து, அரை மில்லிமீட்டராக நகர்த்துங்கள். உள்ளே தள்ளுவது எளிது, வெளியே எடுப்பது பெரும்பாடு.

பளபளப்புப் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. எண்ணெய் தேய்த்தால் போதாதா? (ராமேஸ்வரம்)

சயனோஅக்ரிலேட் பசை காற்றின் ஈரத்தால் இறுகும் பொருள். ஈரம் மிகுந்தால் அவசரமாக இறுகும், அதன் ஆவி மேலே வெள்ளையாகப் படியும். பசையைச் சீக்கிரம் இறுக்கும் ஆக்ஸிலரேட்டரை அதிகம் தெளித்தாலும் இப்படியே. மழை நாளில் இந்த வேலையே வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, மின்விசிறியை நேராக அடிக்கவிடாமல் செய்யுங்கள்.

600 வரை தேய்த்து, ஒவ்வொரு தாளுக்கும் பிறகு லேத்தை நிறுத்தி இழைவாக்கிலும் ஒருமுறை தேயுங்கள். லேத் 700 சுற்றில் ஓடட்டும். மடித்த டிஷ்யூ தாளில் இரண்டு மூன்று சொட்டு. மெல்லிய பசை இரண்டு பூச்சு, நடுத்தரம் ஆறு. ஒவ்வொன்றும் தானாகக் காயட்டும். பிறகு 1500 முதல் 12000 வரையிலான மைக்ரோமெஷ் (மிக நுண்ணிய தேய்ப்புத் துணி), தண்ணீர் தொட்டு; முனைகளில் பசை வைத்து அடைத்துவிட்டுத்தான் தண்ணீர். டிஷ்யூவுக்குப் பதில் பருத்தித் துணி எடுக்காதீர்கள்: பருத்தியும் இந்தப் பசையும் சேர்ந்தால் சட்டென்று சூடேறி விரல் வெந்துவிடும், புகையும் வரும்.

தேங்காயெண்ணெய் வேண்டாம், அது காயாது, நாளடைவில் சிக்கு வாடை. ஆளிவிதை எண்ணெய் நல்லது. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். அரக்கு மெருகு ஐந்து நிமிடத்தில் மின்னும், வியர்க்கும் கைக்கு வாரக்கணக்கில் மங்கும். சன்னபட்டணப் பொம்மைக்காரர்கள் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தித் தாழை ஓலையால் தேய்ப்பார்கள். தாழை நம் கரையிலும் உண்டு. ஒருமுறை முயன்று பார்க்கத் தக்கது.

பழைய வள்ளத்துப் பலகையிலும், பவளத் துண்டு பதித்தும் செய்ய ஆசை. (பாம்பன்)

பவளத்தை விட்டுவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய செத்த துண்டை எடுப்பதும் குற்றம். பதிக்க வேண்டுமென்றால் சிரட்டைத் துண்டு நன்றாக இருக்கும்.

வள்ளப் பலகை தாராளமாகச் செய்யலாம். மேல் பெயின்டைத் தேய்க்காதீர்கள், தூள் நஞ்சு, மூன்று மி.மீ. சீவி எறியுங்கள். இரும்பு ஆணியைக் காந்தம் காட்டும், செம்பு ஆணியைக் காட்டாது. கண்ணால்தான் தேட வேண்டும். துண்டுகளாக அறுத்து நல்ல தண்ணீரில் ஒரு வாரம், தினம் தண்ணீர் மாற்றி ஊறவையுங்கள். உப்பு உள்ளே இருந்தால் மரம் எப்போதும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், குழாயும் பச்சை பூக்கும். பிறகு மேலே சொன்ன பல்பு பெட்டி.

உளி, புஷ் எல்லாம் துருப்பிடிக்கிறது. (திருப்பாலைக்குடி)

வேலை முடிந்ததும் தூளைத் தட்டித் தையல் மிஷின் எண்ணெய் தடவுங்கள். மரத்தூள் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். புஷ்ஷையும் மேண்ட்ரலையும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மாட்டுவதற்குமுன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், மரத்தில் பட்டால் பூச்சு ஒட்டாது. கிட் வாங்கும்போது சாதாரணத் தங்க முலாம் வேண்டாம். குரோம் அல்லது டைட்டானியம் முலாம் உப்புக் காற்றுக்கும் வியர்வைக்கும் நிற்கும்.