காரங்காட்டுக்கு வேனில் போகலாம், உப்புத் தரையில் இறக்க வேண்டாம்

கேள்வி: பழைய 12 இருக்கை டெம்போ டிராவலர் ஒன்று வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு ப்ளைவுட்டில் கட்டில் போட்டிருக்கிறேன். தை மாதக் கடைசியில் நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், 72 வயது ஆத்தா நால்வரும் தொண்டிக்குத் தெற்கே காரங்காடு போய் அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டு, கடற்கரையிலேயே வேனை நிறுத்தி இரண்டு ராத்திரி தங்க ஆசை. முடிந்தால் தனுஷ்கோடியிலும் ஒரு ராத்திரி. 100 ஆம்பியர் இன்வெர்ட்டர் பேட்டரியும் இரண்டு டேபிள் ஃபேனும் வேனில் இருக்கின்றன. என்னென்ன கவனிக்க வேண்டும்? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: மாதத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சித்திரைக்கு மேல் தகரக் கூரைக்குள் படுக்க முடியாது. தையும் மாசியும்தான் அந்தக் கரைக்குத் தோது, வலசை வரும் பறவைகளும் அப்போது இருக்கும். திட்டத்தில் மாற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று, கடற்கரையில் வேனை நிறுத்துவது. இன்னொன்று, அந்த டேபிள் ஃபேன்.

முதலில் தரை. காரங்காடு மெரினா மாதிரி மணல் கரை இல்லை. பாக் விரிகுடா ஆழமில்லாத, அலையடங்கிய கடல். அங்கே ஓரத்தில் ஒதுங்குவது பெரும்பாலும் சேறும் வண்டலும்தான். அலையாத்திக்கு அந்தச் சேறுதான் வேண்டும், உங்கள் வேனுக்கு ஆகாது. தை மாதத்தில் மழை நின்று வெயில் ஏறியதும் மேல்தரை காய்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, சிமெண்டு போட்ட களம் மாதிரி தெரியும். ஆள் நடந்தால் தாங்கும். ஆளும் சாமானும் ஏறிய டிராவலர் மூன்று டன்னை நெருங்கும். அந்தப் பொருக்கு உடைந்தால் கீழே கருஞ்சேறு. பின்சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும்.

சோதிக்க வழி உண்டு. தார்ச்சாலையை விட்டு இறங்குவதற்கு முன், வேன் போகப்போகிற தடம் முழுவதும் நடந்து பாருங்கள். குதிகாலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பள்ளத்தில் ஈரம் கசிந்தாலோ, மண் பிசுபிசுவென்று செருப்பில் ஒட்டினாலோ அதோடு திரும்புங்கள். இரண்டடிக் கம்பியைக் குத்திப் பார்ப்பது இன்னும் நல்லது; அரை அடிக்கு மேல் சிரமமில்லாமல் இறங்கினால் அது வண்டி நிற்கும் இடமில்லை. டிராக்டர் தடம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அதன் சக்கர அகலம் வேறு, உங்கள் சக்கர அகலம் வேறு.

மீறிச் சிக்கினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவே கூடாது. சக்கரம் ஒருமுறை வெறுமனே சுற்றினால் அதோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கும். ஆட்களை இறக்கி, தண்ணீர் கேன்களையும் இறக்குங்கள். வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பதுதான் சுலபம், அந்த மண் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். பின்சக்கரங்களுக்குப் பின்னால் சரிவாகத் தோண்டி, நனைத்த சாக்கையோ தென்னங்கீற்றையோ சக்கரத்தடியில் நன்றாகச் செருகி, மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். மணலாக இருந்தால் டயர் காற்றை மூன்றில் ஒரு பங்கு குறைப்பது உதவும். திரும்ப ஏற்ற 12 வோல்ட் பம்பு கையில் இருக்க வேண்டும். சேற்றில் இந்த வித்தை பலிக்காது, டிராக்டர்தான் கூப்பிட வேண்டும். கயிற்றை இழுவைக் கொக்கியில் மாட்டுங்கள். பம்பரிலோ அச்சிலோ கட்டினால் பிய்ந்து வரும். இழுக்கும்போது கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, பையனை மிகத் தள்ளி நிறுத்துங்கள். ஜாக்குக்கு அடியில் வைக்க இரண்டடிக்கு ஓரடி, 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகை ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்குதான் மண்ணுக்குள் இறங்கும்.

அப்படியானால் எங்கே தங்குவது? ஊருக்குள், கெட்டித் தரையில், கேட்டுக்கொண்டு. காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துகிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய் அந்த மையத்திலும் ஊர்த் தலைவரிடமும் சொல்லி, அவர்கள் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். இது மரியாதைக்கு மட்டுமில்லை. எதிர்க்கரை இலங்கை என்பதால் கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் ராத்திரி ரோந்து வரும். கரையோரம் தனியாக நிற்கும் வெளியூர் வேனை எழுப்பி விசாரிப்பார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, பெரியவர்களின் ஆதார் எல்லாம் ஒரே உறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டிரோன் இருந்தால் வீட்டிலேயே வையுங்கள். நிழலுக்கு வேப்ப மரம் நல்லது; தென்னை, பனைக்கு அடியில் நிறுத்தவே வேண்டாம்.

ஆர்.சி. பற்றி இன்னொன்று. இருக்கைகளை நிரந்தரமாக எடுத்துவிட்டுக் கட்டிலை போல்ட் போட்டு முடுக்கியிருந்தால், அது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் வரும் மாற்றம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதியாமல் ஓட்டினால் விபத்து நேரும்போது இன்சூரன்ஸில் சிக்கல் வரும். பதிந்துகொண்டு கிளம்புங்கள். பெல்ட் உள்ள இருக்கை நான்கு பேருக்கும் இருக்க வேண்டும். ஓடும் வண்டியில் யாரும் கட்டிலில் படுத்து வரக் கூடாது.

இப்போது மின்சாரம். சாதாரண டேபிள் ஃபேன் ஒன்று சுமார் 50 வாட் இழுக்கும். இரண்டுக்கு 100, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 115, 120. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட உங்கள் பேட்டரியில் பெயரளவில் 1200 வாட்-மணி இருக்கிறது. ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் கையில் உள்ளது 600. ஆக ஐந்து மணி நேரம். ஒன்பதரைக்குப் போட்டால் இரண்டரைக்கு இன்வெர்ட்டர் கத்தும், ஆத்தா எழுந்து உட்கார்ந்துவிடுவார். இன்வெர்ட்டரே வேண்டாம். நேரடியாகப் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் டி.சி. ஃபேன் 20 வாட்டில் கிடைக்கும். இரண்டும் ஒன்பது மணி நேரம் ஓடினால் 360, எல்.இ.டி. விளக்குக்கு 40, செல்போன்களுக்கு 60, மொத்தம் 460. ஓர் இரவு நிம்மதியாகக் கழியும்.

இரண்டாம் இரவுக்குத்தான் பற்றாது. படகுக்குப் போகும் நாளில் வேன் நின்றுகொண்டே இருக்கும், சார்ஜ் ஏறாது. 200 வாட் சோலார் தகடு கூரையில் இருந்தால் தை மாத வெயிலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 700 வாட்-மணி கிடைக்கும். இல்லையென்றால் எஞ்சின் பேட்டரியிலிருந்து ஸ்ப்ளிட் சார்ஜ் ரிலே வைத்து, வண்டி ஓடும்போது மட்டும் ஏறுகிற மாதிரி செய்யுங்கள். ரிலே இல்லாமல் இரண்டு பேட்டரியையும் நேரே இணைத்தால் ஃபேன் ஓடி ஓடி எஞ்சின் பேட்டரியும் இறங்கி, காலையில் ஸ்டார்ட் ஆகாது. முன்னாலிருந்து பின்னால் வரை நாலைந்து மீட்டர் போகிற அந்தக் கம்பி 16 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும். இரண்டு முனையிலும் பேட்டரியை ஒட்டி 50 ஆம்பியர் ஃபியூஸ். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்துவிடுவார்கள். அது சூடேறி உருகும். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தால், பெட்டியிலிருந்து வெளியே ஒரு குழாய் போக வேண்டும். கவிழாதபடி பட்டை போட்டுக் கட்டவும் வேண்டும். (காரைக்குடிக்காரர்களுக்கு பேட்டரியும் துருவும் புதிதில்லை. 1948-இல் அங்கே அடிக்கல் நாட்டிய செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இந்த இரண்டையும் ஆராய்கிறது, துருவுக்கென்றே ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊரில் தனி நிலையமும் வைத்திருக்கிறது.)

ராத்திரி ஏ.சி.க்காக எஞ்சினை ஓட்டிக்கொண்டு தூங்கவே கூடாது. ஜெனரேட்டரும் அப்படித்தான். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனில் இருவர் இறந்துகிடந்தார்கள். காரணம் ஜெனரேட்டரிலிருந்து உள்ளே வந்த கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது. அடுப்பையும் உள்ளே பற்ற வைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் கட்டிலுக்கு அடியில் போய்த் தங்கும். 5 கிலோ சிலிண்டர் போதும். வெளியே இறக்கிச் சமைத்துவிட்டு வால்வை மூடி வையுங்கள். கொசுவர்த்திச் சுருளும் உள்ளே வேண்டாம். எதிரெதிராக இரண்டு சன்னல்களுக்கு வலை அடித்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுங்கள். அலையாத்தி ஓரத்தில் அந்திக் கொசு சும்மா விடாது.

கடலோரக் கிராமங்களில் கிணற்று நீர் பெரும்பாலும் உவர்ப்பு. குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். இரண்டரை நாளுக்கு 40 லிட்டர், அதாவது இரண்டு கேன். கை கால் கழுவ இன்னும் இரண்டு. மொத்தம் 80 கிலோ. பின்கதவோரம் அடுக்காமல் இரு அச்சுகளுக்கும் நடுவே, தரையோடு வையுங்கள். ஆத்தாவுக்கு ராத்திரியில் இறங்கி ஏறுவது கஷ்டம், கையில் தூக்குகிற 10 லிட்டர் போர்ட்டபிள் டாய்லெட் ஒன்று வாங்கிவிடுங்கள். அதை ஓடையில் கொட்டாமல் வீட்டுக்கே கொண்டுவந்து காலி செய்யுங்கள். படிக்கு ஒரு மணை போட்டால் அவர் முழங்கால் வாழ்த்தும். முதல் நாளுக்குப் புளியோதரைக் கட்டுச்சோறு போதும், மறுநாள் மதியத்துக்கு நண்டும் இறாலும் அங்கேயே சமைத்துத் தருவார்கள், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

வழி சுலபம்: காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை, தொண்டி, அப்புறம் ஈ.சி.ஆரில் தெற்கே. இரண்டு இரண்டரை மணி நேரம். இருட்டுக்கு முன் போய்ச் சேருங்கள், ஈ.சி.ஆரில் ராத்திரி மாடு படுத்திருக்கும். டீசலைத் திருவாடானையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

படகுக்குக் காலை நேரம்தான். வெயில் ஏறுமுன் பறவை நிறைய இருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் கூட்டமில்லை. பையனுக்கு ஒன்றைக் காட்டுங்கள்: வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலை ஒன்றைத் தடவச் சொல்லி விரலை நக்கச் சொல்லுங்கள். உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலையிலுள்ள சுரப்பி வழியாக வெளியே தள்ளுகிறது. சேற்றிலிருந்து பென்சில் நட்டது மாதிரி நிற்பவை மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு அவைதான் மூக்கு. வெறுங்காலோடு இறங்கினால் குத்திவிடும், மரத்துக்கும் கேடு. கடற்பசுவைப் பார்க்க முடியுமா என்று பையன் கேட்பான். முடியாது என்றே சொல்லுங்கள். அதற்காக 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டரில் அறிவித்த பாதுகாப்பகம் வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரையோரம் இருக்கிறது. அங்கேயும் அது எளிதில் கண்ணில் படாது.

தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது. மாலையானதும் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். அரிச்சல்முனைச் சாலையில் பகலில் போய் வரலாம், ஆனால் இந்தப் பயணத்தோடு அதைச் சேர்த்தால் ஆத்தாவுக்கு அலைச்சல்தான் மிஞ்சும். பதிலாக, மூன்றாம் நாள் விடியலில் தேவிபட்டினம் போய்க் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். போகிற வழியில் உப்பூர் வெயிலுகந்த விநாயகர். அமாவாசையாக இருந்தால் தேவிபட்டினத்தில் வேன் நிறுத்த இடம் கிடைக்காது, நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் இரண்டு நாளும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். உப்பீரக் காற்றில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பேட்டரி முனைகளில் கிளம்புமுன்னே வாஸ்லைன் தடவிவிடுங்கள். வீடு வந்ததும் மறுநாளே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வெளிப் பளபளப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீல் ஆர்ச்சின் உள்விளிம்பு, சேஸிஸில் உள்ள துளைகள், பிரேக் குழாய், சைலன்சர் கிளாம்பு, எர்த் பட்டை, இந்த ஐந்தில்தான் உப்பு ஒளிந்திருக்கும். பிரஷர் பம்பை வயர் இணைப்புகளிலும் பேரிங் சீலிலும் நேரே பீய்ச்சாதீர்கள். கழுவியதும் கொட்டகையில் போட்டுவிடாமல், காரைக்குடி வரை ஒரு நடை ஓட்டி, நாலைந்து முறை பிரேக்கை மெல்ல மிதித்து டிரம்மைக் காய வையுங்கள். துருத்தடுப்புப் பூச்சு அடிக்க நினைத்தால் பயணத்துக்கு முன் அடியுங்கள். உப்பு படிந்த பிறகு அடித்தால் அந்த உப்பைப் பூச்சுக்குள் பூட்டி வைத்ததாகிவிடும்.