பணி ஓய்வுக்குப் பிறகு புகைப்படக் கலையைத் தொடங்கலாமா? எந்தக் கேமரா வாங்குவது?

கேள்வி கேட்டவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போவதாகவும், பணிக்கொடையில் ஒரு பகுதியை ஒதுக்கி நல்ல கேமராவும் பெரிய லென்ஸும் வாங்க நினைப்பதாகவும் எழுதியிருக்கிறார். முதல் கேள்விக்குப் பதில்: தாராளமாகத் தொடங்கலாம். அந்தப் ‘பெரிய லென்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்துத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் மதுரைக்காரன். கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்தே முப்பத்து நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டு 2018-இல், 58 வயதில், வீட்டுக்கு வந்தேன். பணிக்கொடை வந்த மூன்றாம் வாரமே ஒரு நிக்கான் டி5600 வாங்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பறவை எடுக்க வேண்டுமென்றால் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் 150-600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் முடியாது என்று கடைக்காரர் சொன்னார். அடுத்த மாதம் அதையும் வாங்கினேன். ஊரார் கணக்கில் எட்டணா இடித்தாலும் விளக்கம் கேட்டவன், என் வீட்டுச் செலவுக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்த லென்ஸ் மட்டும் இரண்டு கிலோ. கேமராவோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டினால், பிறந்த குழந்தை ஒன்றை மணிக்கணக்கில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதுபோல இருக்கும். நான்கு மாதத்தில் தோள்பட்டை வலி வந்தது. லென்ஸைத் தோல் பையில் போட்டு, பூச்சி அரிக்காமல் இருக்க இரண்டு அந்துருண்டையும் போட்டு, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை. ஈரக்காற்று வெளியேற வழியில்லாத தோல் பையும் மூடிய பீரோவும் பூஞ்சைக்குத் தொட்டில். அந்துருண்டையைக் கேமராவின் பக்கத்திலேயே வைக்கக் கூடாது என்று கேமராவோடு வந்த கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. யார் படித்தார்கள்? சுத்தம் செய்யவும் காசு கொடுத்து, கடைசியில் பாதி விலைக்கு ஓர் இளைஞரிடம் அதைத் தள்ளிவிட்டேன். இப்போது கேமரா இருப்பது காற்றுப் புகாத சமையலறை டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு.

ஆகவே என் பரிந்துரை: முதல் ஆறு மாதம் கையில் இருக்கும் அலைபேசியிலேயே எடுங்கள். அதன் பிறகும் காலை ஐந்து மணிக்கு எழுந்து கிளம்பும் ஆசை மிச்சமிருந்தால் கேமரா வாங்குங்கள். தோள், கழுத்து, முட்டி மூன்றில் ஏதாவது ஒன்று தகராறு செய்கிறது என்றால், லென்ஸ் மாற்றத் தேவையில்லாத நெடுஞ்சூம் கேமரா போதும். நிக்கான் பி900 அந்த வகைதான்: 83 மடங்கு சூம், எடை 900 கிராம். வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சென்சார் சிறியது, இருட்டில் படம் சுமாராகத்தான் வரும். நாம் என்ன, இருட்டிலா அலையப்போகிறோம்?

யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம் கண் பற்றியது. முதல் சில மாதங்கள், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் எல்லாம் மங்கலாகவே தெரிந்தது. கேமராவில்தான் கோளாறு என்று நினைத்துக் கடைக்கு இரண்டு முறை படையெடுத்தேன். கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. கண்ணாடிப் பவருக்கு ஏற்ப அதைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது. கணினியில் நான் நிறம் திருத்திய படங்களையெல்லாம் பார்த்து, “ஏன் அப்பா எல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கிறது?” என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. 2021-இல் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து கட்டு அவிழ்த்த வாரம் அந்தப் படங்களைத் திறந்தேன். நீலச் சாயத்தில் முக்கி எடுத்தது போல இருந்தன. புரை மூடிய கண் உலகத்தையே மஞ்சளாகக் காட்டியிருக்கிறது. நான் அந்த மஞ்சளை மூன்று ஆண்டுகளாகப் படத்திலிருந்து நீக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கை நடுக்கத்துக்கும் வழி இருக்கிறது. 300 மி.மீ. லென்ஸ் என்றால் ஷட்டர் வேகம் நொடியில் 300-இல் ஒரு பங்காவது வேண்டும் என்பது பழைய கணக்கு. டி5600 போன்ற சிறிய சென்சார் கேமராவுக்கு அது 450 ஆகும். நம் வயதுக் கைக்கு 1,000 என்று வைத்துக்கொண்டு, ஐ.எஸ்.ஓ.வை, அதாவது சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவை, தானியங்கியில் விட்டுவிடுங்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தையாவது பார்க்கலாம். ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. முக்காலி தூக்குவதை நான் விட்டுவிட்டேன். மஞ்சப்பையில் ஒன்றரைக் கிலோ கேழ்வரகைப் போட்டு வாயைத் தைத்து, குளக்கரைச் சுவரில் அதை வைத்து, அதன்மேல் கேமராவைச் சாய்த்துக்கொள்கிறேன். அசையாது. என் வீட்டம்மா அந்தப் பைக்கு ‘ஐயாவின் மெத்தை’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

இனி, படம் எடுக்க எங்கே போவது? ஊட்டி, கொடைக்கானல் என்று திட்டம் போடாதீர்கள். இளைஞர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. அதை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செலவழிக்கலாம். எனக்கு வாய்த்த இடம் மதுரைக்குப் பக்கத்தில் உள்ள கீழக்குயில்குடி. சமணர் மலை, அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரங்கள். மலைமேல் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் பாறையில் வரிசையாக இருக்கின்றன, கீழே பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு. முதல் முறை பத்தரை மணி வெயிலில் மூச்சு வாங்க ஏறிப்போய் எடுத்தேன். சிற்பங்கள் அரிசி மாவில் வரைந்த கோலம்போலத் தட்டையாக வந்தன. புடைப்புச் சிற்பத்துக்கு வெளிச்சம் நேராக விழக் கூடாது. பக்கவாட்டில் சரிந்து விழுந்தால்தான் மூக்குக்கும் உதட்டுக்கும் நிழல் கிடைக்கும். எந்த மாதம், எத்தனை மணிக்கு அப்படி விழுகிறது என்பதைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் போட்டேன். தணிக்கைப் புத்தி எங்கே போகும்? அந்த நோட்டுக்கு எட்டு மாதம் ஆனது. சரியாக வந்த படங்கள் நான்கு.

இன்னொரு பைத்தியமும் உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858-இல் மாட்டுவண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வந்து மதுரையைப் படமெடுத்திருக்கிறார். வண்டியூர் தெப்பக்குளமும் அதில் இருக்கிறது. அந்தப் படத்தை இணையத்திலிருந்து எடுத்து அச்சுப்போட்டுக்கொண்டு, அவர் நின்ற இடத்தைத் தேடிக் குளத்தைச் சுற்றினேன். மைய மண்டபத்தின் மூலைக் கோபுரம் நடுக்கோபுரத்தை எவ்வளவு மறைக்கிறது என்று பார்த்துக்கொண்டே இரண்டடி இடப்பக்கம், ஓரடி பின்னால் என்று நகர வேண்டும். பதினொரு காலைகள். ஒருவர் என்னை நில அளவையாளர் என்று நினைத்துச் சாலை அகலமாகப் போகிறதா என்று கவலையோடு விசாரித்தார்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் எடுக்கலாம் என்று நினைத்து வராதீர்கள். 2018 முதல் அலைபேசியையே உள்ளே விடுவதில்லை. சித்திரைத் திருவிழா எடுப்பதானால் தெருவில் நின்று எடுக்கலாம். ஆனால் அழகரை நோக்கித் தோப்பறை என்ற தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் உங்கள் லென்ஸைப் பார்த்து விலகிப்போக மாட்டார்கள். பாலித்தீன் உறை போடாததால், போன ஆண்டு எனக்கு ஒரு பேட்டரி செலவு. எடுத்த படங்களை இரண்டு இடத்தில் சேமியுங்கள். என் 2019 முழுவதும் ஒரு ஹார்டு டிஸ்க்கோடு போய்விட்டது.

மனிதர்களை எடுக்கும் முன் கேளுங்கள். பிறகு படத்தை அச்சுப்போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். சின்ன அளவில் போட்டால் பெரிய செலவில்லை. கீழக்குயில்குடியில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டபோது, “என்னை எதற்கு? இந்தக் கிடாயை எடுங்கள்” என்றார். கறுப்புக் கிடாய், கொம்பு நன்றாக முறுக்கியது. கழுத்தைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டு, தான் படத்தில் வராதபடி ஆலமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அடுத்த வாரம் படத்தைக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து டீ குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டார். முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் கிடாய் படம். கிடாய் எங்கே என்றேன். “அய்யனாருக்கு விட்டது ஐயா, ஆடியிலேயே கொடுத்தாயிற்று” என்றவர், கொட்டகையிலிருந்து ஒரு செம்மறிக் குட்டியைத் தூக்கிவந்து திண்ணையில் நிறுத்தினார். வெயில் ஏறிவிட்டது, நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.