வண்டிக்குள் தண்ணீர்: நனையும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு

கேள்வி: மழை பெய்து ஓய்ந்தால் டிரைவர் கால் வைக்கும் இடம் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. கதவு பீடிங்கை (கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை) புதிதாக மாற்றியும் நிற்கவில்லை சார். அடுத்து எதை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள், முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள். உள்ளே வந்த தண்ணீர் ஒயரிங் கட்டின் மேலும் தகட்டு மடிப்பின் உள்ளும் ஓடி, பள்ளம் எங்கோ அங்கே தேங்கும். கால் வைக்கும் இடம்தான் பெரும்பாலும் அந்தப் பள்ளம்.

கதவுப்படியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையையும் ஓரத்து டிரிம்மையும் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, வெறும் தகடு தெரிய வையுங்கள். அதை முழுதும் உலர்த்திவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையில் உள்ள தகட்டுச் சுவர்) நெடுக டிஷ்யூ பேப்பர் ஒட்டுங்கள், முதலில் நனையும் இடம் அதில் தெரியும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே சாதாரண ரப்பர் குழாய் போதும், மெல்லிய ஓட்டம். பிரஷர் வாஷர் கூடாது. அது நல்ல பீடிங்கையும் தாண்டித் தண்ணீரைத் தள்ளி உங்களை ஏமாற்றிவிடும்.

கீழிருந்து மேலே போக வேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. கதவுப்படி, கதவின் கீழ்ப்பாதி, வைப்பருக்கு அடியில் உள்ள தொட்டி, முன் கண்ணாடியின் ஓரம், கடைசியாகக் கூரை. ஒவ்வொன்றிலும் 5 முதல் 10 நிமிடம் ஊற்றுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிந்து எல்லாவற்றையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று பிரிக்கவே முடியாது.

காட்டுப் பாதையில் ஓடும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த வைப்பர் தொட்டியைத்தான். இலையும் சேறும் வடிகாலை அடைத்தால் அங்கே தண்ணீர் ஏறி, ப்ளோயர் (கேபினுக்குக் காற்றைத் தள்ளும் விசிறி) காற்று இழுக்கும் துளை வழியாகக் கேபினில் கொட்டும். மூடியைக் கழற்றிக் கையால் அள்ளுங்கள், பிறகு தண்ணீர் ஊற்றி இரண்டு பக்கமும் கீழே வடிகிறதா என்று பாருங்கள். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டராக இருந்தால் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று மூடிகளின் ரப்பரையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மழையே இல்லை அண்ணா. ஆனாலும் பக்கத்து சீட்டுக்கு முன்னால் ஈரம். கூரை எப்படி ஒழுகும்?

பதில்: கூரையை விடுங்கள். ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். நிறமும் இனிப்பு வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் அது கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். டேஷ்போர்டுக்குள் அந்தச் சூடான திரவம் ஓடும் ஹீட்டர் கோர் கசிகிறது. முன் கண்ணாடியில் உட்புறம் எண்ணெய் போலப் படலம் படியும், கூலண்ட் டேங்கில் அளவும் குறையும். இதைத் தள்ளிப்போடக் கூடாது, எஞ்சின் சூடேறிக் கெடும்.

நிறமற்ற வெறும் தண்ணீராக இருந்து, ஏசி போட்டால் மட்டும் வந்தால், ஏசி டிரெயின் பைப் அடைத்திருக்கிறது. சேறு தெறிக்கும் இடத்தில்தான் அதன் முனை தொங்குகிறது. புழுக்கமான நாளில் 15 நிமிடம் ஏசி ஓடியும் வண்டிக்கு அடியில் சொட்டாவிட்டால் சந்தேகமே இல்லை. வளையும் நைலான் கயிற்றைக் கீழிருந்து கொஞ்ச தூரம் மட்டும் விடுங்கள். கம்பியை விட்டுக் குத்தினால் உள்ளே கூலிங் காயில் ஓட்டை விழுந்து, சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

கேள்வி: ஸ்நோர்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்), வின்ச் (வண்டியை இழுக்கும் கயிற்று உருளை), கூடுதல் விளக்கு எல்லாம் மாட்டிய பிறகுதான் ஒழுகுகிறது.

பதில்: அப்படியானால் போட்ட துளைகளிலிருந்தே தொடங்குங்கள். ஸ்நோர்க்கலின் மேல் பிராக்கெட்டை முன் கண்ணாடித் தூணில் துளையிட்டு மாட்டுவார்கள். அந்தத் துளையில் சீலண்ட் இல்லாவிட்டால் தண்ணீர் தூணுக்குள்ளேயே இறங்கி நேராகக் காலடிக்கு வரும். ஃபயர்வாலில் ஒயர் நுழையும் இடத்தில் அளவான கிரோமெட் (துளையில் ஒயரைச் சுற்றி மாட்டும் ரப்பர் வளையம்) வேண்டும். பழைய கிரோமெட்டைக் கிழித்து இன்னும் நாலு ஒயரைத் திணித்தால் அது மூடாது. ஒயர் நுழைவதற்கு முன் கீழே தொங்கி மேலேறி வரட்டும். அப்போது ஒயரைப் பற்றி வரும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். வெட்டிய தகட்டு ஓரத்துக்கு பிரைமர் அடிக்காமல் விட்டால் துரு ஏறிச் சீலண்டைத் தூக்கிவிடும். ரூஃப் கேரியர் போல்ட்டுகளுக்கும் இதே கதைதான்.

கேள்வி: ஸ்பீக்கர் மாற்றியதிலிருந்து கதவு ஓரம் நனைகிறது. கண்ணாடி ரப்பர் போய்விட்டதா?

பதில்: ரப்பர் மீது பழி வேண்டாம். கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு, அடியில் உள்ள துளைகள் வழியாக அது வெளியேறும். அது உட்பக்கம் வராமல் தடுப்பது கதவு அட்டைக்குப் பின்னால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் மாற்றும்போது அதைத்தான் கிழித்திருப்பார்கள். பழைய பசையைச் சுத்தமாக எடுத்து, பியூட்டைல் டேப்பால் (காயாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் ரப்பர் பட்டை) சுற்றிலும் இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். கதவை ஆட்டினால் சளசளவென்று சத்தம் கேட்டால் அடித்துளை அடைத்திருக்கிறது.

கேள்வி: சன்ரூஃபுக்குச் சீலண்ட் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். சன்ரூஃப் ரப்பரைத் தாண்டி வரும் நீருக்காகவே பெரும்பாலும் நான்கு மூலையிலும் வடிகுழாய் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மூலையிலும் 100 மில்லி தண்ணீர் ஊற்றி, கீழே வருகிறதா என்று பாருங்கள். அடைப்பிருந்தால் மெல்லிய நைலான் நரம்பு. கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் இணைப்பு கூரைக்குள்ளேயே கழன்றுவிடும், அப்புறம் கூரை டிரிம்மையே இறக்க வேண்டும்.

கேள்வி: பின்பக்கம் எங்கே என்றே தெரியவில்லை.

பதில்: ப்ளோயரை வெளிக்காற்றில் முழு வேகத்தில் வைத்து எல்லாக் கதவையும் கண்ணாடியையும் மூடுங்கள். பின் பம்பருக்குள் இருக்கும் காற்றுப் போக்கியை (கேபின் காற்று வெளியேறும் வழி) டேப்பால் ஒட்டிவிட்டு, டெயில் லேம்ப் ஓரம், பின்கதவு, தகட்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. அங்கெல்லாம் வராவிட்டால் டேப்பைப் பிரித்து அந்தக் காற்றுப் போக்கியின் ரப்பரையே சோதியுங்கள்.

கேள்வி: எந்தச் சீலண்ட் சார்? சிலிக்கான் கைவசம் இருக்கிறது.

பதில்: வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைத் தகட்டின் மீது வைக்கவே கூடாது. காயும்போது அமிலம் விட்டுத் துருவைக் கிளப்பும், அதன் மேல் பெயின்ட்டும் ஒட்டாது. தகட்டு இணைப்புக்குப் பாலியூரித்தேன் சீம் சீலர், பழைய விரிசலைச் சுரண்டி எடுத்த பிறகு. கழற்றி மாட்டும் விளக்குகளுக்குப் பியூட்டைல். ஒட்டிப் பதித்த முன் கண்ணாடி கசிந்தால் மேலே பூசுவது வீண்: கண்ணாடியை எடுத்து, அடியில் உள்ள துருவை நீக்கி, யூரித்தேன் பசையால் மறுபடி பதிக்க வேண்டும்.

கேள்வி: ஆற்றைக் கடந்தபோது தண்ணீர் புகுந்துவிட்டது. ஒழுகல் இல்லையே, வெயிலில் நிறுத்தினால் போதுமா?

பதில்: போதாது. கார்பெட் மேலே காய்ந்தாலும் அடியில் உள்ள ஸ்பாஞ்ச் பல லிட்டர் நீரை வைத்திருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சீட்டை எடுத்து, கார்பெட்டையும் ஸ்பாஞ்சையும் வெளியே போட்டு 2, 3 நாள் காய வையுங்கள். உப்புநீர் என்றால் முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர். மஞ்சள் நிறமுள்ள ஏர்பேக் கனெக்டரைத் தேவையின்றித் தொடாதீர்கள், பேட்டரி கழற்றியிருந்தாலும். கடைசியில் தரையின் ரப்பர் அடைப்பான்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று தொலைந்திருந்தாலும் தண்ணீர் அதன் வழியாக வந்திருக்கலாம்.